கொளுஞ்சி விதைப்பதற்கு ஏற்ற காலம்

நன்செய் நிலத்துக்குத் தழையுரம் வேண்டுமென்பதை மறுக்கும் குடியானவர் இலர். ஆயினும், அதற்காக வேலியோரத்துப் பூவரசையும் வேம்பையும் ஆண்டுதோறும் மொட்டையடிப்பவர் பலர். நிலத்திலேயே தழையை உண்டாக்கிக்கொள்பவர் சிலர். அச்சிலரிலும் கொளுஞ்சியை ஒரு முறை விதைத்துப் பார்த்து, விதை முளைக்கவில்லையென்று கைவிட்டோர் உண்டு. குற்றம் விதையினுடையதன்று, விதைத்த காலத்தினுடையதே என்று பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொளுஞ்சி இயல்பில் ஒரு காட்டுச்செடி. தரிசுகளிலும் பாதையோரங்களிலும் ஒருவரும் நீர் வாராமலே தழைத்துச் சிறு ஊதாப்பூப் பூத்து நிற்பதை யாவரும் கண்டிருப்பர். டெஃப்ரோசியா பர்பூரியா என்பது அதன் சாஸ்திரப் பெயர். அவரை இனத்தைச் சேர்ந்ததாதலால் இதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்திற் சேர்க்கின்றன. கடுங்கோடையைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. ஆகவே மணற்பாங்கான ஒருபோக நன்செய்களே இதற்கு உரியவை. களிமண் நிலத்தார் தக்கைப்பூண்டை நாடுவது உசிதம்.

இச்செடியின் விதைமேல் மெழுகு போன்ற கடினமான தோல் உண்டு. நீர் எளிதில் உட்புகாது. காட்டில் வளரும் செடிக்கு அத்தோலே பஞ்சாங்கமாகும். ஒரு தூறலை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் அடுத்த வெயிலில் வமிசமே அழியுமன்றோ? ஆனால் ஓராண்டுக்குள் பலன் வேண்டும் குடியானவருக்கு அவ்வளவு பொறுமை ஆகாது. விதையைப் பருமணலுடன் கலந்து தோல் கீறும்படி தேய்க்க வேண்டும். அல்லது 55 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். கொதிக்கும் நீர் விதையைக் கொன்றுவிடும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். அதில் கால்பங்கைத் தேய்க்காமலே கலந்து விதைப்பது நல்லது. முதல் முளை ஏதோ காரணத்தாற் கருகினால் அப்பங்கு பின்மழையில் எழும்பும்.

இனி, காலம். சம்பா அறுத்தபின் நிலம் சில வாரம் சும்மா கிடக்கும். கோடைமழை பெய்யட்டும், உழுது விதைப்போம் என்பது பலருடைய எண்ணம். அவ்வெண்ணமே நஷ்டத்துக்கு மூலம். கொளுஞ்சி முளைத்த முதல் இரண்டு மாதம் மிக மந்தமாகவே வளரும். அக்காலத்தில் அது வேரைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறது. தையிலோ மாசித் தொடக்கத்திலோ, அறுவடை முடிந்த கையோடு, நிலத்தின் ஈரம் மாறுமுன் ஓர் உழவு ஓட்டி விதைத்தால், சித்திரை வெயில் வருமுன் வேர் கீழீரத்தை எட்டிவிடும். பிறகு கோடைமழை அதற்கு ஊட்டமாகும். சித்திரைக் கடைசியில் விதைத்ததோ ஆடியிலும் சாண் உயரச் செடியாய் நிற்கும். ஆவணியில் நாற்று நடுபவர் அதை மடக்கி உழுது என்ன பயன் காண்பார்? காலத்தில் விதைத்தது ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை டன் பசுந்தழை தரக்கூடியது.

ஆயினும், தை பிறந்துவிட்டது என்பதற்காக மட்டும் விதைப்பது சரியன்று. மாதப்பெயரைவிட மண்ணின் பதமே பெரிது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும்; விரலால் தட்டினால் உதிர வேண்டும். சேறாயின் இரண்டொரு நாள் பொறுத்தல் வேண்டும். பொடியாய் உதிருமாயின் அவ்வாண்டு காலம் தப்பிற்று. கோடைமழையை எதிர்பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. காலம் தப்பினோர் அப்பயிரை அவ்வாண்டே முழுதும் மடக்காமல், ஒரு மூலையையேனும் விதைக்கு விடலாம்.

இதிலே கிராம அதிகாரிகளுக்கும் ஒரு பங்குண்டு. கொளுஞ்சியைக் கால்நடைகள் விரும்பித் தின்பதில்லையென்பது மெய்யே. ஆனால் அறுவடையானவுடன் வெளியெங்கும் மந்தையை அவிழ்த்துவிடும் வழக்கமுள்ள ஊர்களில், தின்னாத மாடும் இளமுளையை மிதித்துத் துவைத்துவிடுகிறது. தனியொருவர் வேலி கட்டிக் காப்பது செலவுக்குக் கட்டாது. விதைத்த வெளிகளில் ஆறு வாரம் மேய்ச்சல் நிறுத்துவதென்று ஊரார் கூடி முடிவு செய்தால் செலவின்றிக் காரியம் முடியும். அம்முடிவு அறுவடைக்கு முன்பே செய்யப்பட வேண்டும். மந்தை வயலில் இறங்கியபின் பேசுவது சச்சரவிலேயே முடியும்.

விதையும் அப்படியே. அறுவடையன்று விதை தேடப் புறப்படுபவருக்கு ஈரம் காத்திராது. காய் முற்றிக் காய்ந்தால் வெடித்து விதை சிதறிவிடுமாதலால், பனியீரம் உள்ள விடியற்காலையிற் பறித்து, களத்தில் உலர்த்தித் தட்டிச் சேமிக்க வேண்டும். ஒரு முறை நன்றாக நிலைத்த வயலில், மடக்குமுன் சிறிது காய் உதிர விட்டால், அடுத்த ஆண்டு உதிர்ந்த விதையே தானாக முளைத்துவரும். அப்போது செய்யவேண்டுவது அறுவடைக்குப்பின் ஈரத்தோடு ஒரு மேலுழவு மட்டுமே.