தொட்டியும் குழாயும்

அப்பாவின் அறை வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. ரவுட்டர் இருப்பதோ முன்கூடத்தில். நடுவே பழைய காலத்துச் செங்கற்சுவர்கள் இரண்டு, ஒரு சமையலறை. படுக்கையை விட்டு அதிகம் எழ முடியாத அவருக்காக, பல வருடங்களாக நான் சேர்த்து வைத்திருந்த கச்சேரிப் பதிவுகளை என் கணினியிலிருந்து வைஃபை வழியாக அவருடைய டேப்லட்டில் கேட்கும்படி அமைத்துக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. இரண்டு நாள் கழித்து அவர் சொன்னார்: "பாடிக்கிட்டு இருக்கும்போதே யாரோ வாயப் பொத்துற மாதிரி இருக்குப்பா."

ஆலாபனையின் நடுவே பாடகர் விடும் மௌனத்துக்குப் பொருள் உண்டு. திரையில் வட்டம் சுழலும்போது விழும் மௌனம் அந்தப் பொருளையும் சேர்த்து அழித்துவிடுகிறது. நண்பர்களிடம் கேட்டால், இன்னும் வேகமான இணைய இணைப்பை வாங்கு என்கிறார்கள். ஆனால் இந்தக் கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. கணினியிலிருந்து பின்கட்டுக்குத்தான் பயணம். அதற்குத் தேவைப்படுவதும் நொடிக்கு 128 கிலோபிட்டுகள் மட்டுமே. மோசமான மூலையிலும் வைஃபை சராசரியாக அதைப்போல் பல மடங்கைக் கொண்டு சேர்த்துவிடும். அப்படியானால் சிக்கல் வேகத்தில் இல்லை. அந்த வேகம் சீராக வராததில் இருக்கிறது.

வானலை தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட், தீவுகளை வானொலி அலையால் இணைத்தது. இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் கிளம்பி மோதினால் இரண்டும் அழியும். அனுப்பியவர்கள் ஆளுக்கொரு கணக்கில் சற்றுக் காத்திருந்து மீண்டும் அனுப்புவார்கள். இன்றைய வைஃபையும் அந்த வம்சம்தான். அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அண்டை வீட்டு ரவுட்டர்கள், ப்ளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு என்றாலும் அது சுவரைக் கண்டால் இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகிறது.

இதற்கு மேல் ஒரு தவறான புரிதலும் சேர்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில், அரை கிலோமீட்டர்கூட இடைவெளி இல்லாத லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, தகவல் வேகம் நொடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து வெறும் 40 பிட்டுகளுக்குச் சரிந்தது. நெரிசல்தான் காரணம். இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் முன்வைத்த தீர்வு எளிமையானது: ஒரு பொட்டலம் தொலைந்தால் பாதை நெரிசலாக இருக்கிறது என்று கொள், வேகத்தைக் குறை. கம்பிவழி வலைக்கு அது சரியான அறிவு. இணையத்தைக் காப்பாற்றியதே அதுதான். ஆனால் கம்பியில்லா வலையில் நெரிசலே இல்லாமல் சுவராலும் அடுப்பாலும் பொட்டலங்கள் தொலைகின்றன. வைஃபை தானே சில முறை மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. அதையும் மீறித் தொலைந்தால், அனுப்பும் கணினி இல்லாத நெரிசலுக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கிறது. பிற்காலத்தில் வந்த சில முறைகள் இந்த அச்சத்தைக் குறைத்திருக்கின்றன, முற்றிலும் போக்கவில்லை.

நம் வீடுகளில் கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் தெருக்குழாயை நேரே குளியலறைக்கு இணைப்பதில்லை. வரும்போது தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். பஃபர் என்பது அந்தத் தொட்டிதான். ஆனால் அப்பாவின் டேப்லட்டில் இருந்த செயலி முப்பது நொடிப் பாட்டைத்தான் முன்கூட்டிச் சேமித்தது. அதாவது அரை மெகாபைட்டுக்கும் குறைவு. ஒரு செம்புத் தண்ணீர். மூன்று மணி நேரக் கச்சேரி முழுவதுமே ஏறத்தாழ 173 மெகாபைட்தான். நொடிக்கு 8 மெகாபிட் வேகம் கிடைத்தால் மூன்று நிமிடத்தில் மொத்தமும் வந்து சேர்ந்துவிடும்.

பிறகு ஏன் செம்பை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும்? இணையத்தில் பாட்டு வழங்குபவர்களுக்குக் காரணங்கள் உண்டு. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு முழுக் கச்சேரியையும் அனுப்புவது வீண்; அலைபேசியில் டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவருக்கும் நஷ்டம். கோப்பு நம் கையில் முழுதாகத் தங்கிவிடக் கூடாது என்ற உரிமைக் கவலையும் அவர்களுக்கு இருக்கிறது. ஆகவே 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். போன்ற முறைகளில் வலை தளரும்போது தரம் தானாகக் குறைந்து, தேறும்போது கூடுகிறது. திரைப்படத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் சொந்தக் கோப்பைச் சொந்த வீட்டுக்குள் கேட்பவர் மீதும் இதே சிக்கனம் திணிக்கப்படுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தொலைபேசி உரையாடலில் காத்திருக்க வழியில்லை. கால் நொடி தாமதித்தாலும் பேச்சு இடறும். முப்பது வருடங்களுக்கு முன் பாடி முடித்த கச்சேரிக்கு என்ன அவசரம்? தொட்டவுடன் தொடங்க வேண்டும் என்பதையே பெருமையாகக் கருதும் செயலிகள், தொடங்கிய பின் தடைபடாமல் இருப்பதை இரண்டாம் பட்சமாக்கிவிட்டன. 'ஒரு நிமிடம் காத்திருக்கிறேன், பிறகு நிறுத்தாதே' என்று சொல்லும் உரிமை கேட்பவருக்கு வேண்டும். முழுக்கோப்பையும் முன்னதாக இறக்கிக்கொள்ளும் வசதி, ஐந்தாறு பட்டியல்களுக்கு அடியில் ஒளிந்திராமல் முகப்பிலேயே இருக்க வேண்டும். நல்ல வலையமைப்பு உள்ளவர்களுக்கு இது சிறிய விஷயம். பின்கட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் எல்லாம்.

நான் கடைசியில் செய்தது தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொள்ளத் தக்கதே அல்ல. இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு, மறுநாளைக்கான கச்சேரிகள் அவருடைய டேப்லட்டில் தாமாகவே பிரதியாகும்படி வைத்தேன். நேற்று மாலை மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்துவிட்டது. பின்கட்டில் தோடி தன்பாட்டுக்குத் தொடர்ந்துகொண்டிருந்தது.