கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தும் முன்

ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இயல்புக்கு வந்துவிட்டதும், 'இனி எதற்கு மாத்திரை?' என்று அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். அளவு குறைந்ததே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அது ஏறும்போது வலிக்காது, மயக்கம் வராது. அதனால் யாருக்கும் தெரிவதும் இல்லை.

இன்னும் பலர் பயத்தினால் நிறுத்துகிறார்கள். 2013-இல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி ஸ்டாட்டின்களின் பயனைக் கேள்விக்குள்ளாக்கி ஓர் அறிவியல் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதன்பின் வந்த மாதங்களில் ஏறத்தாழ 60,000 பேர் மாத்திரை வாங்குவது குறைந்துபோனதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிகழ்ச்சி நடுநிலை தவறியது என்று விசாரணையில் தெரியவந்ததும் நிறுவனமே அதைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. நம்மிடையே அந்த வேலையை இன்று வாட்ஸ்அப் செய்திகள் செய்கின்றன. அவற்றைத் திரும்பப் பெறத்தான் ஆளில்லை.

இந்த மருந்தின் பயனுக்கு வலுவான சான்று உண்டு. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதய நோயாளிகள் 4,444 பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்டனர். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது.

அதற்காகப் பயம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தை 2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, அமெரிக்காவில் மட்டும் 31 பேர் இறந்ததாகப் பதிவானது. அவர்களில் 12 பேர் கொழுப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஜெம்ஃபைப்ரோசிலையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். மருந்தின் வீரியம் ஒரு பக்கம் இருக்க, கூடச் சேர்ந்த மருந்தும் ஆபத்தைக் கூட்டியது.

இன்றும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சளி, இருமலுக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரப்படும் இட்ராகோனசோல் ஆகியவை சிம்வாஸ்டாட்டின் போன்ற சில ஸ்டாட்டின்களை உடலில் சிதையவிடாமல் தடுத்து, ரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். தோல் மருத்துவருக்கு இதய மருத்துவர் எழுதிய சீட்டு தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை இருவருக்குமே தெரியாது. எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லாச் சீட்டுகளையும், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சேர்த்து, காட்டியே ஆக வேண்டும். 'வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்க மருத்துவர்களும் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். அதைக் கேட்காமல் சீட்டு எழுதுவது தவறு.

தசை வலி பற்றி ஒரு வார்த்தை. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரிடம் லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வு 2020-இல் வெளியானது. அவர்களுக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை. ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மைதான்; அதில் பெரும்பகுதிக்குக் காரணம் மருந்தல்ல, மருந்து பற்றிய எதிர்பார்ப்பு. இதை அறிந்தபின் பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

நிஜமாகவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வழி உண்டு: அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெட்டிமைப் என்ற வேறு வகை மருந்தைச் சேர்க்கலாம். ரத்தச் சர்க்கரை சிலருக்குச் சற்றே ஏறும். மாரடைப்பு அபாயம் உள்ளவர்களுக்கு அதைவிட நன்மையே அதிகம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

சிறுநீர் கறுத்துப்போனால், கை கால் தசைகள் கடுமையாக வலித்துச் சோர்ந்தால், கண் மஞ்சளித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்ற எந்தச் சந்தேகமானாலும் மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.