கொடிவழியைப் பெட்டியில் பூட்டாதீர்கள்

"உன் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் என்ன?" நம் தெருவில் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் தலைமுறையோடு பேச்சு நின்றுவிடும். குற்றம் பிள்ளைகள்மேல் இல்லை. நிலம் உள்ளவர் வீட்டில் பத்திரம் பெயரைக் காத்தது. நம் வீட்டில் கிழவிகளின் நினைவு மட்டுமே காத்தது.

இது வெறும் பெருமைக் கணக்கு அல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது. மீட்கக் கோரி மனுவோடு போனால், "பழைய பதிவேட்டில் உள்ளவருக்கு நீ என்ன உறவு?" என்ற கேள்வி வருகிறது. பதில் சொல்லக் கொடிவழி வேண்டும்.

எழுதிவைத்திருப்பவரோ, பங்குக்கு ஆள் கூடிவிடும் என்று அஞ்சிப் பெட்டியில் பூட்டுகிறார். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை விட்டுவிடுகிறார். 2005இல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் சம உரிமை தந்துவிட்டது. நம் கொடிவழி இன்னும் தரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள், மதம் மாறிப் பெயர் மாற்றிக்கொண்டவர்கள் கிளையும் விடுபடுகிறது.

மாணவர்களே, அடுத்த கருமாதிக்கு உறவெல்லாம் கூடும்போது ஒரு நோட்டோடு உட்காருங்கள். மூத்தவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நகலெடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் கறையான் அரித்துவிடும். பத்து வீட்டில் இருந்தால் யாரும் மறைக்க முடியாது.