அறுபட்ட நரம்பும் அயல் நரம்பும்

யாழின் தந்தியையும் உடலினுள் ஓடும் இழையையும் நரம்பு என்னும் ஒரே சொல்லால் வழங்கினர் நம் முன்னோர். ஆயினும் தந்தி அறுந்தால் அடுத்த தந்தி அதன் தொழிலை மேற்கொள்வதில்லை. உடலின் நரம்போ மேற்கொள்ள முயல்கின்றது.

1983-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்க அறிஞர் மெர்செனிக் என்பாரும் அவர்தம் தோழரும் குரங்கின் கைந்நரம்பொன்றை அறுத்து, மீண்டும் இணையாதவாறு கட்டிவிட்டனர். அந்நரம்பின் செய்தியை ஏற்றுவந்த மூளைப்பகுதி வாளா கிடக்கவில்லை. கையின் பிற இடங்களைத் தொட்டபோது, ஒரு பங்கில் உடனேயும் எஞ்சியதிற் சில வாரங்களுள்ளும் மின்துடிப்பு எழக் கண்டனர். புதுக்கிளை முளைக்குமுன் இஃது எங்ஙனம் கூடும்? முன்னரே இருந்தும் அடக்கப்பட்டு ஊமையாய்க் கிடந்த இணைப்புகள், அடக்குவது தளர்ந்தவுடன் வாய் திறந்தன என்பர். பின்னர்ச் சில வலுக்கும், சில தேயும்.

இம்மாற்றம் முழுதும் நன்மையே என்பார்க்கு யாம் உடன்படோம். கையிழந்தார் இல்லாத கையில் நோவுணர்தற்கும், தலையிற் காயமுற்றார் சிலர்க்குப் பின்னாளில் வலிப்பு வருதற்கும் இதுவும் ஒரு காரணமாதல் கூடும். எவ்வழி மாறுமென்பது பயிற்சியையும் பொறுத்தது.

ஆகலின், பக்கவாதமுற்ற பெரியோரைக் கட்டிலிற் கிடத்தி, ஒவ்வொன்றையும் நாமே செய்துகொடுத்தலை அன்பென்று கருதும் வழக்கத்தை யாம் மறுக்கின்றோம். நலமுள்ள கைக்கு உறையிட்டு, தளர்ந்த கையையே இரு வாரம் தொழிற்படுத்தும் முறை 222 நோயாளரிடம் ஆராயப்பெற்று, 2006-இல் அதன் முடிவு வெளிவந்தது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றாரினும் பயின்றார் கை நன்கு இயங்கிற்று. அவர்கள் சிறிதேனும் அசைவு எஞ்சியிருந்தவர்கள் என்பதையும் மறைத்தலாகாது. அத்தகையார் நம் இல்லத்தில் இருப்பின், குவளையை அவர்தம் தளர்ந்த கைக்கு எட்டுமாறு வைப்போம். சிந்திய நீரைத் துடைத்துக்கொள்ளலாம்.