சேத்தியாத்தோப்பு கிழக்குப் பழுப்பு நிலக்கரித் தொகுதியை நிரந்தரமாக விலக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர், விவசாயிகள் சங்கம், சேத்தியாத்தோப்பு, கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர், நிலக்கரி அமைச்சகம், இந்திய அரசு, புதுதில்லி.
அரசுச் செயலாளர், வேளாண்மை – உழவர் நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
மாவட்ட ஆட்சித் தலைவர், கடலூர்.

பொருள்: பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பழுப்பு நிலக்கரி அகழ்வைப் பெயர் குறித்துச் சேர்த்தல், சேத்தியாத்தோப்பு கிழக்குத் தொகுதியை அரசிதழ் அறிவிக்கையால் ஒதுக்கிவைத்தல், பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சேத்தியாத்தோப்பு பேரூராட்சியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் சொந்த நிலத்தில் உழுவோர், குத்தகைக்கு எடுத்து உழுவோர், கூலிக்கு நடவும் அறுவடையும் செய்வோர் ஆகியோரின் சார்பில் இம்மனு அளிக்கப்படுகிறது.

ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் 2023 மார்ச் 29 அன்று தொடங்கிய வணிகச் சுரங்க ஏலத்தில், காவிரிப் படுகையையும் அதன் ஓரத்தையும் சேர்ந்த வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இடம்பெற்றிருந்தன. மாநில அரசைக் கலந்துகொள்ளாமல் இவை சேர்க்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஏப்ரல் 4 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பைப் பதிவு செய்தனர். ஏப்ரல் 8 அன்று அப்போதைய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி, மூன்று தொகுதிகளையும் ஏலத்திலிருந்து விலக்கப் பணித்திருப்பதாகச் சமூக வலைத்தளப் பதிவின் வாயிலாக அறிவித்தார். அந்த அறிவிப்பை இச்சங்கம் அன்று வரவேற்றது, இன்றும் மதிக்கிறது. ஆயினும் அது ஏலப் பட்டியலைப் பற்றிய அறிவிப்பேயன்றி நிலத்தைப் பற்றிய அறிவிப்பு அன்று என்பதும், ஒரு சுற்று ஏலத்திலிருந்து விலக்கப்பட்ட தொகுதியை அடுத்த சுற்றில் சேர்க்கக் கூடாது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதும் இச்சங்கத்தின் முன்னைய கடிதங்கள் அனைத்திலும் சொல்லப்பட்டவை.

அக்கடிதங்களின் சாரத்தை மீண்டும் எழுத வேண்டிய நிலை வந்திருப்பதால் அது இங்கே சுருக்கமாகத் தரப்படுகிறது. முதல் கடிதம், தொகுதி விலக்கப்பட்டதற்கான ஆணையின் நகலைக் கோரியது. அடுத்த கடிதம், பழுப்பு நிலக்கரி அகழ்வு வேளாண் மண்டலச் சட்டத்தால் தடை செய்யப்பட்டதா இல்லையா என்பதைத் திட்டவட்டமாகத் தெரிவிக்கும்படி கேட்டது. அதற்குப் பின் எழுதப்பட்டவை, இவ்விரண்டுக்கும் பதில் கோரிய நினைவூட்டுகள். கடிதம் கிடைத்தது என்ற ஒப்புகையும், தக்க நடவடிக்கைக்காக வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்பும் மட்டுமே வந்தன. கேட்ட கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ எந்த அலுவலகமும் எழுதவில்லை. பதில் இல்லாத இடத்தில் சட்டத்தைத் தானே படித்துக்கொள்வதைத் தவிர உழவனுக்கு வேறு வழி இல்லை என்பதால், இம்மனு சட்டத்தின் வாசகத்திலிருந்தே தொடங்குகிறது.

முதன்மைக் கோரிக்கை

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன் முதல் அட்டவணை பாதுகாப்புப் பெறும் பகுதிகளைச் சொல்கிறது; தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களும் அதில் அடங்கும். இரண்டாம் அட்டவணை, அப்பகுதிகளில் தொடங்கக் கூடாத தொழில்களைச் சொல்கிறது. இரண்டாம் அட்டவணையில் உள்ள எந்தப் புதிய திட்டத்தையும் முதல் அட்டவணையில் உள்ள பகுதியில் எவரும் மேற்கொள்ளக் கூடாது என்பது 4(1)ஆம் பிரிவு. இம்மனுவின் முதல் கோரிக்கை அந்த ஒரு பிரிவின் மீதே நிற்கிறது.

2020இல் இயற்றப்பட்ட அட்டவணையில் துத்தநாகம், செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் உருக்காலைகள், இரும்பு ஆலைகள், தோல் பதனிடும் தொழில், கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவற்றோடு, எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறை எரிவாயு மற்றும் அவற்றையொத்த பிற ஹைட்ரோகார்பன்களின் ஆய்வு, துளையிடல், எடுத்தல் ஆகியவை இடம்பெற்றன. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி என்ற பெயர்கள் அந்த வாசகத்தில் இல்லை. பிரதமருக்கு எழுதப்பட்ட கடிதம் இந்த ஹைட்ரோகார்பன் பதிவையே ஆதாரமாகக் கொண்டது. அந்த வாதம் நியாயமானது என்றே இச்சங்கமும் கருதுகிறது. ஆனால் நாளை ஏலத்தில் வென்ற ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர், அப்பதிவில் வரிசையாகச் சொல்லப்பட்டவை அனைத்தும் துளையிட்டு எடுக்கும் எண்ணெயும் வாயுவுமே என்றும், ‘அவற்றையொத்த’ என்ற சொற்கள் அதே இனத்தை மட்டுமே குறிக்கும் என்றும், மண்ணை வெட்டி எடுக்கும் திடப்பொருளான பழுப்பு நிலக்கரி அதில் அடங்காது என்றும் வாதிட்டால், அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு மண்டலத்தின் வயல்கள் முழுவதையும் ஓர் உரைவிளக்கத்தின் மீது நிறுத்தி வைப்பது தகாது. ஒரு திருத்தச் சட்டத்தின் ஒற்றை வரியால் இந்த ஐயம் தீரும் என்னும்போது, அந்த வரியை எழுதாமல் விடுவதற்குக் காரணம் சொல்லப்பட வேண்டும்.

கனிமம் ஒன்றிய அரசின் பொருள், ஆகவே மாநிலச் சட்டம் அதைத் தொட முடியாது என்ற மறுப்பு எழக்கூடும். அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், நாடாளுமன்றம் பொதுநலன் கருதி அறிவிக்கும் அளவுக்குச் சுரங்கங்களையும் கனிம வளர்ச்சியையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 54ஆம் பதிவில் உள்ளது. அந்த அறிவிப்பைச் செய்தது 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம். அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் இடம்பெறுவதால், குத்தகை ஆணையை மாநில அரசு வழங்கினாலும், யாருக்கு வழங்குவது என்பதை ஒன்றிய அரசின் ஏலமே முடிவு செய்யும். இவ்வளவும் உண்மை. அதே ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 14ஆம் பதிவு வேளாண்மையையும் 18ஆம் பதிவு நிலத்தையும் மாநிலத்துக்கு அளித்திருக்கின்றன என்பதும் அதே அளவு உண்மை. எந்த மண்ணில் நெல் விளைய வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம், அம்மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்டறிந்ததும் இல்லாமல் போய்விடுவதில்லை.

இரு அரசுகளின் அதிகாரங்களும் மோதாமல் இதைத் தீர்க்கும் வழி 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 17ஏ(1) பிரிவின்படி, ஒரு கனிமத்தைப் பேணிக்காக்கும் நோக்கில், மாநில அரசைக் கலந்தாலோசித்து, ஏற்கெனவே எவருக்கும் குத்தகைக்கு விடப்படாத ஒரு பரப்பை ஒன்றிய அரசு ஒதுக்கிவைக்கலாம். அவ்வாறு செய்யும்போது அப்பரப்பின் எல்லைகளையும் கனிமத்தின் பெயரையும் அரசிதழில் அறிவிக்க வேண்டும். பேணிக்காத்தல் என்பது கனிமத்தை எடுக்காமல் மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பதையும் உள்ளடக்கும். சேத்தியாத்தோப்பு கிழக்குத் தொகுதி எவருக்கும் குத்தகைக்குத் தரப்படும் முன்பே ஏலத்திலிருந்து விலக்கப்பட்டதாகும். ஆகவே இப்பிரிவைப் பயன்படுத்துவதற்கு எவருடைய உரிமையும் குறுக்கே நிற்கவில்லை. மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிக்கப்பட்ட பின்னரும், சட்டமன்றத்தின் டிசம்பர் 9 தீர்மானத்தையும் மேலூர் வட்டார மக்களின் போராட்டத்தையும் தொடர்ந்து, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது. ஏலதாரர் தேர்வான இடத்தில் செய்ய முடிந்ததை, ஏலதாரரே இல்லாத இடத்தில் செய்ய முடியாது என்று எவரும் சொல்ல இயலாது.

காகிதத்தில் எழுதப்படாத வாக்குறுதியை இவ்வட்டாரம் ஏன் நம்பத் தயங்குகிறது என்பதற்கு வளையமாதேவி கிராமத்தில் நடந்ததே விடை. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் தேவைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் கையகப்படுத்தப்பட்ட அங்குள்ள நிலங்களில், கையகப்படுத்திய பின்னரும் உழவர்கள் பயிர் செய்துவந்தனர். பரவனாற்றின் போக்கை மாற்றும் வாய்க்காலுக்காக 2023 ஜூலை 26 அன்று மண் அள்ளும் இயந்திரங்கள் நட்ட நெற்பயிரின் மீதே இறங்கின. பயிர் அழிந்த ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீடு பயிருக்குக் கிடைத்தது. கதிர் வரும் பருவத்தில் இருந்த பயிரை மண்ணோடு புரட்டியதைக் கண்ட ஊர்களுக்கு, தங்கள் நிலத்தின் மேல் பழைய காகிதம் ஏதேனும் உறங்கிக்கொண்டிருக்கிறதா என்ற அச்சம் அன்றிலிருந்து நீங்கவில்லை.

இந்த அச்சத்துக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. அரசு நிறுவனங்களின் சுரங்கத்துக்காக நிலம் எடுக்க வகை செய்யும் 1957ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் (கையகப்படுத்துதல் மற்றும் மேம்பாடு) சட்டத்தில், நிலக்கரி கிடைக்கக்கூடும் என்று தோன்றினாலே 4ஆம் பிரிவின்படி ஆய்வு அறிவிக்கை வெளியிடலாம். 7ஆம் பிரிவின்படி கையகப்படுத்தும் எண்ணத்தை அறிவித்த பின், ஆட்சேபம் சொல்ல 30 நாள். 9ஆம் பிரிவின் பிரகடனத்துக்குப் பின் நிலம் வில்லங்கங்கள் ஏதுமின்றி அரசைச் சேரும். ஆட்சேபிக்கும் உரிமை நிலத்தில் ‘நலன் உடைய’ நபருக்கு, அதாவது இழப்பீட்டில் பங்கு கோரத் தகுதி உடையவருக்கு மட்டுமே. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் கொண்டுவந்த சமூகத் தாக்க மதிப்பீடு இதற்குப் பொருந்தாது. 2015இல் ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணை, இழப்பீட்டையும் மறுவாழ்வையும் பற்றிய விதிகளை மட்டுமே இதற்கு நீட்டித்தது. கைநடவு செய்து பிழைக்கும் ஒரு பெண் தொழிலாளிக்கு, ஊரே இல்லாமல் போகும் ஒரு முடிவின் மீது எழுத்தில் ஆட்சேபம் சொல்லக்கூட இந்த ஏற்பாட்டில் இடம் இல்லை. எனவேதான் இச்சங்கம் இழப்பீட்டின் அளவைப் பற்றிப் பேசாமல், நிலத்தையே பட்டியலிலிருந்து எடுக்கும்படி கேட்கிறது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரி என்பது முழுமையாகக் கரியாகாத, ஈரம் மிகுந்த, வெப்பத்திறன் குறைந்த நிலக்கரி. நெய்வேலிப் படுகையில் அதைத் திறந்தவெளிச் சுரங்கமாகவே எடுக்கிறார்கள், அதாவது மேல்மண் முழுவதையும் அகற்றிய பின்பே கரியைத் தொட முடியும். அப்படுகையில் கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கி ஒன்று இருக்கிறது. அது சுரங்கத்தின் தளத்தை மேல்நோக்கித் தள்ளிவிடாதபடி அந்நீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருந்தாக வேண்டும். இறைப்பின் விளைவு சுரங்கத்தின் வேலியோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அது கீழே இழுக்கும். சேத்தியாத்தோப்பு அமைந்திருப்பதோ நீரின் சந்திப்பில்: வெள்ளாற்றின் அணைக்கட்டும், அதிலிருந்து புவனகிரிப் பக்கம் பாயும் வெள்ளாற்று ராஜன் வாய்க்காலும் இங்கே உள்ளன, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக நிரம்பி 44,856 ஏக்கருக்குப் பாசனம் தரும் வீராணம் ஏரியின் வடகோடி இங்கேதான் முடிகிறது. 2004 முதல் சென்னை மாநகருக்கு வீராணத்திலிருந்து குடிநீர் போவதும் இவ்வூர் வழியேதான். ஒரு சுரங்கத்தைத் திறப்பதால் கிடைக்கும் மின்சாரத்தின் கணக்கில், இந்நீரின் விலை ஒருபோதும் எழுதப்பட்டதில்லை.

ஆகவே இச்சங்கம் கோருவது: முதலாவதாக, வேளாண் மண்டலச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ‘நிலக்கரி மற்றும் பழுப்பு நிலக்கரியின் ஆய்வு, துளையிடல், அகழ்வு’ என்ற பதிவைத் தமிழ்நாடு அரசு ஐயத்துக்கு இடமின்றித் திருத்தச் சட்டத்தால் உறுதிசெய்ய வேண்டும், இரண்டாவதாக, சேத்தியாத்தோப்பு கிழக்குத் தொகுதியைச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 17ஏ(1) பிரிவின்கீழ் எல்லைகள் குறித்து ஒன்றிய அரசு அரசிதழில் ஒதுக்கிவைக்க வேண்டும், மூன்றாவதாக, இவ்விரண்டும் நிறைவேறும்வரை இத்தொகுதியில் ஆய்வுத் துளை எதுவும் இடப்படாது என்று மாவட்ட ஆட்சித் தலைவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பிற கோரிக்கைகள்

அ) நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி ஒன்றியங்களின் பாசனப் பகுதிகளையும் வேளாண் மண்டலத்தின் முதல் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

ஆ) 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 9பி பிரிவின்படி அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதியை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் ஏரி, வாய்க்கால் தூர்வாரலுக்கும் முதலில் செலவிட்டு, அதன் கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

இ) குத்தகைதாரர்களின் பெயர்களை 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி முகாம் நடத்திப் பதிவு செய்ய வேண்டும்.

ஈ) நிலத்தடி நீர்மட்ட அளவீடுகளை ஊராட்சி அலுவலகங்களில் தமிழில் ஒட்ட வேண்டும்.

உ) தொகுதி ஏலம், நிலம் எடுப்பு தொடர்பான அறிவிக்கைகள் அனைத்தையும் தமிழில் வெளியிட வேண்டும்.

இம்மனுவின் முதன்மைக் கோரிக்கைக்கு, வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்பாக இல்லாமல், ஏற்கப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது என்று காரணத்தோடு எழுத்தில் விடையளிக்குமாறு இச்சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
செயலாளர்,
சேத்தியாத்தோப்பு.