கடல் நமக்கு அயலா?



மலாக்கா ஒரு கடற்கரை மாநிலம். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் என எந்தத் தமிழ்ப்பள்ளியிலிருந்து புறப்பட்டாலும் ஒரு மணி நேரத்திற்குள் கடலைத் தொட்டுவிடலாம். ஆயினும், கடல்வாழ் உயிரினங்களைக் கூறு என்றால் நம் மாணவர்கள் திமிங்கிலம், சுறா, ஓங்கில் என்று அடுக்குகிறார்கள். அது தொலைக்காட்சி கற்பித்த கடல். தம் சொந்த மாநிலத்துக் கடலை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்?

தீபகற்ப மலேசியாவில் அழுங்காமைகள் மிகுதியாக முட்டையிடும் இடம் நம் மலாக்காதான். உலக அளவில் அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனம் இது. மஸ்ஜித் தானாவுக்கு அருகில் பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. மாணவர் சுற்றுலா என்றதும் கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து அமர்த்தும் நாம், இந்த நிலையத்தின் வாசலை எத்தனை முறை மிதித்திருக்கிறோம்?

சொல்லிலிருந்தே தொடங்குவோம். கடலில் மண்ணைக் கொட்டி மனை போடுவதை ‘நில மீட்பு’ என்று எழுதுகிறோம். மீட்பதென்றால் பறிபோனதைத் திரும்பப் பெறுவது. கடல் யாருடைய நிலத்தைப் பறித்தது? இதன் பெயர் கடல் தூர்ப்பு. பொய்யான சொல்லைப் பிள்ளையின் வாயில் ஊட்டிவிட்டால், பொய்யான எண்ணமும் உடன் சேர்ந்து வளரும்.

1511-இல் போர்த்துகீசியர் கடலோரத்தில் எழுப்பிய கோட்டையின் வாசலில் இன்று நின்று பாருங்கள். கடல் கண்ணுக்குத் தெரியாது, கடைத்தொகுதிகளே தெரியும். 2014-இல் மலாக்கா கேட்வே என்னும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. 2020 நவம்பரில் மாநில அரசு அதன் ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டு வந்தது. ஒப்பந்தங்கள் வரும், போகும், மீண்டும் வரும். கொட்டிய மண் மட்டும் திரும்பிப் போகாது!

கொட்டும் மண் கலங்கிய சேறாகப் பரவி, நீரினுள் செல்லும் ஒளியைத் தடுக்கிறது. நீரோட்டத்தின் திசை மாறுகிறது. ஓரிடத்தில் மணல் அரிக்கப்பட, வேறோர் இடத்தில் சேறு படிகிறது. கிளேபாங் கரைக்கு எதிரே உள்ள பூலாவ் உப்பே தீவு ஒரு காலத்தில் அழுங்காமைகளின் முதன்மையான முட்டையிடு களமாக இருந்தது. பின்னர் அங்குக் கூடுகள் வெகுவாகக் குறைந்தன. உஜோங் பாசிரின் போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கெராகாவ் என்னும் கூனி இறாலை நம்பி வாழ்ந்தவர்கள். மலாக்காவின் புகழ்பெற்ற சிஞ்சாலோ அந்த இறாலில்தான் செய்யப்படுகிறது. கரை சேறானால் சட்டி காலியாகும். இதைப் புரிந்துகொள்ள அறிவியல் பட்டம் தேவையில்லை. ஆனால் தடுத்து நிறுத்த அறிவியல் தேவை.

ஏன்? நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்குத் திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கே சான்று. 1956-இல் அங்குப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட தோல்முதுகு ஆமைக் கூடுகள் பதிவாயின. முட்டைகளை அளவின்றித் தோண்டி விற்றார்கள். மீன்பிடி வலைகளில் சிக்கியும் ஆமைகள் மடிந்தன. பிறகு பொரிப்பகம் அமைத்துக் காப்பாற்ற முனைந்தார்கள். ஆனால், ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் பெண் குஞ்சுகளே மிகுதி. பொரிப்பகத்து மணல் வெப்பமாக இருந்ததால் ஏறக்குறைய எல்லாம் பெண்களாகப் பொரித்தன என்பதை ஆய்வாளர்கள் பின்னரே கண்டறிந்தனர். இன்று அந்தக் கரை வெறிச்சோடிக் கிடக்கிறது.

மேலும் ஒன்று. இன்று கடலில் இறங்கும் அழுங்காமைக் குஞ்சு முட்டையிடத் திரும்பி வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று முதலாம் ஆண்டில் பயிலும் பிள்ளை, தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் காலத்தில்தான் இன்றைய தவற்றின் விளைவு கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஆண்டுதோறும் எண்ணவும், அளக்கவும், எழுதி வைக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் வகுப்பறையிலிருந்து ஏன் வரக்கூடாது?

இதைச் சொன்னால் மூன்று மறுப்புகள் எழுகின்றன.

“இது தேர்வுக்கு வருமா?” யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. சாக்குப் போய்விட்டது; பயிற்சி நூல் மட்டும் போகவில்லை! உணவுச் சங்கிலியை மனனம் செய்த பிள்ளைக்கு, கடற்பஞ்சை உண்டு பவளப்பாறைக்கு இடம் தரும் அழுங்காமையைக் காட்டினால் அந்தப் பாடம் உயிர் பெறாதா?

“தமிழில் கடல் அறிவியல் முடியுமா?” நெய்தல் என்று ஒரு நிலத்தையே வகுத்த மொழி இது. ஓதம், கழி, கானல், கண்டல் என்னும் சொற்கள் நம்மிடம் உண்டு. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் இரவுகளில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறார்கள். மொழி தடையன்று, மனமே தடை.

“நாம் தோட்டத்து மக்கள், கடல் மீனவர் விவகாரம்.” செம்பனைக்கு இட்ட உரமும் பூச்சிமருந்தும் மழையில் கரைந்து எங்கே போகின்றன? கால்வாய்க்கு, ஆற்றுக்கு, இறுதியில் மலாக்கா நீரிணைக்கு. தோட்டத்துக்கும் கடலுக்கும் இடையே வேலி இல்லை, ஐயா!

பெரிய கடல் தூர்ப்புத் திட்டங்களுக்கு, 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ்த் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது யாரும் கருத்துக் கூறலாம். அதனைப் படித்துக் கேள்வி எழுப்பியவர்களில் தமிழர் எத்தனை பேர்? வளர்ச்சி வேண்டாம் என்று நான் கூறவில்லை. அளந்து பார்த்த பிறகு மண்ணைக் கொட்டு என்கிறேன். அளக்கத் தெரியாத சமூகத்தின் பேச்சு அவையில் ஏறாது.

செய்ய வேண்டியவை மூன்று:

1. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர்களைப் பாடாங் கெமுந்திங்கிற்கோ ஓர் ஆற்றுமுகத்திற்கோ குறிப்பேட்டுடன் அழைத்துச் செல்லட்டும்.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பரிசளிப்பு விழாச் செலவில் ஒரு பகுதியை இப்பயணத்திற்கு ஒதுக்கட்டும்.

3. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மட்டும் கனவு காணும் பெற்றோர்கள், கடலறிவியலையும் ஒரு படிப்பாக எண்ணட்டும். மலேசியத் திரங்கானுப் பல்கலைக்கழகம் அதற்காகவே பெயர் பெற்றது.

மலாக்கா ஆமைகளின் ஓட்டில் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் வழியே தொடர்ந்தபோது, அவை சிங்கப்பூர்க் கடலைத் தாண்டி இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள்வரை சென்றது தெரியவந்தது. எல்லை கடந்து செல்லும் ஆமைக்கும் முட்டையிடும் கரை மலாக்காவே. அந்தக் கரையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அதன் பெயராவது தெரிய வேண்டாமா?

அடுத்த ஆண்டுத் திட்டக் கூட்டத்தில் இதனை முன்மொழியுங்கள். எதிர்ப்போர் காரணம் கூறட்டும், விவாதிப்போம்!