டாக்டருக்கு எத்தனை பிறவி?

2020 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடரில் அந்த சீசனின் கடைசி எபிசோடு. பெயர் 'தி டைம்லெஸ் சில்ட்ரன்'. 65 நிமிஷம் ஓடி முடிந்ததும், இங்கிலாந்தில் தலை நரைத்த ஆசாமிகள் பலர் சொத்து பறிபோனவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஐம்பத்தேழு வருஷக் கதையைக் கொளுத்திவிட்டான் பாவி என்றார்கள். இனிமேல் இந்தத் தொடரின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். (அடுத்த எபிசோடுக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர்களும் இவர்களாகத்தான் இருக்கும்.) புகார்கள் குவிந்து, பிபிசி அதிகாரபூர்வமாக ஒரு பதிலே வெளியிட வேண்டியதாயிற்று.

ஒரு டி.வி. சீரியலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம், இவங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்காதீர்கள். இது சாதாரண சீரியல் இல்லை. இவர்கள் சாதாரண ரசிகர்களும் இல்லை.

'டாக்டர் ஹூ' ஆரம்பித்தது 1963 நவம்பர் 23. அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, வெளியே போலீஸ் டெலிபோன் பெட்டி மாதிரியும் உள்ளே அரண்மனை மாதிரியும் இருக்கிற ஒரு வண்டியில் காலத்திலும் வெளியிலும் சுற்றுகிறார். 1966-ல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. நம்மூர் மெகா சீரியல் என்றால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் கொஞ்சம் மெனக்கெட்டு, டாக்டரின் இனத்துக்குச் சாகும் தறுவாயில் உடம்பு முழுக்கப் புதுசாகிவிடும் என்று ஒரு விதி செய்தார்கள். முகம் மாறும், குணம் மாறும், ஆள் அதே ஆள். இந்த ஒரு தந்திரம்தான் தொடரை இத்தனை காலம் காப்பாற்றியது.

ரசிகர்கள் காப்பாற்றியது இன்னொரு கதை. பழைய எபிசோடுகளை பிபிசி எழுபதுகளில் இரக்கமில்லாமல் அழித்தது. டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்பு கிடையாது, அலமாரியில் இடமில்லை. அழிந்தவற்றில் பலவற்றின் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் ஒலி? ஒரு எபிசோடுகூட விடாமல் முழுசாக இருக்கிறது. காரணம், அறுபதுகளில் சில பையன்கள் டி.வி. முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று அதட்டி, வாராவாரம் பதிவு செய்து வைத்திருந்தார்கள். உரிமையாளன் குப்பையில் போட்டதை ரசிகன் கட்டிலுக்கடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான். இப்படிப்பட்டவனைப் பார்த்து 'உனக்கென்ன உரிமை' என்று கேட்டால் அவன் சிரிப்பான். திட்டுகிற உரிமை அவனுக்குத் தாராளமாக உண்டு.

என் தகராறு அவன் திட்டியதில் இல்லை, எதைத் திட்டினான் என்பதில்.

அந்த எபிசோடில் என்னதான் நடந்தது? டாக்டர் (இப்போது பெண், ஜோடி விட்டேக்கர்) தன் சொந்த கிரகமான காலிஃப்ரே அழிந்து கிடப்பதைப் பார்க்கிறார். அழித்தவன் பழைய எதிரி மாஸ்டர். அவன் ஒரு ரகசியத்தைச் சொல்கிறான். ரொம்ப காலத்துக்கு முன்னால் டெக்டியூன் என்ற ஒரு பெண், வேறொரு பிரபஞ்சத்திலிருந்து வந்த ஓர் அநாதைக் குழந்தையைக் கண்டெடுத்து வளர்க்கிறாள். குழந்தை விளையாடும்போது மலையிலிருந்து விழுகிறது. சாகவில்லை, புது முகத்தோடு எழுகிறது. வளர்த்த தாய்க்கு விஞ்ஞான வெறி பிடித்துக்கொள்கிறது. அந்தக் குழந்தையைத் திரும்பத் திரும்ப சோதித்து, அதன் சக்தியைத் திருடித் தன் இனத்துக்கே ஏற்றுகிறாள். டாக்டரின் இனத்துக்கே மறுபிறவி வந்தது அப்படித்தான். அந்தக் குழந்தைதான் டாக்டர். நினைவை அழித்துவிட்டார்கள். ஹார்ட்னெல்லுக்கு முன்னாலேயே கணக்கில்லாத பிறவிகள்.

அவ்வளவுதான். 'ஹார்ட்னெல் முதல் டாக்டர் இல்லையா? அப்ப நாங்க சின்ன வயசுலேர்ந்து போட்டு வச்ச கணக்கு?' என்று கிளம்பிவிட்டார்கள். சரித்திரத்தைத் திருத்திவிட்டார்களாம்.

எந்தச் சரித்திரம் ஐயா? டாக்டர் 'டைம் லார்டு' என்ற இனம் என்பதே 1969-ல்தான் சொல்லப்பட்டது, ஆறு வருஷம் கழித்து. அவருக்கு இரண்டு இதயம் என்பது 1970-ல். சொந்த கிரகத்துக்குப் பெயர் வைத்தது 1973-ல். அதுவரை பத்து வருஷம் பெயரில்லாத கிரகத்திலிருந்துதான் வந்து போய்க்கொண்டிருந்தார். 1996-ல் எடுத்த டெலிஃபிலிமில் அவர் பாதி மனிதர் என்று ஒரு போடு போட்டார்கள். அதற்கும் ரகளை, பிறகு யாரும் கண்டுகொள்ளவில்லை. இதையெல்லாம்விட, 1976 ஜனவரியில் வந்த 'தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்' கதையில் மனோசக்திப் போட்டி ஒன்று நடக்கிறது. அதில் டாக்டரின் பழைய முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் பின்னோக்கிப் போகின்றன. ஹார்ட்னெல்லோடு நிற்கவில்லை. அதற்கும் முன்னால் எட்டு முகங்கள்! (தொடரைத் தயாரித்த ஆட்களே வேஷம் கட்டிக்கொண்டு போஸ் கொடுத்தவை.) ஆகவே 2020-ல் வெடித்த குண்டு 44 வருஷம் முன்பே புதைக்கப்பட்டது. அந்த முகங்களை 2020 எபிசோடிலேயே மறுபடி காட்டினார்கள். பார்த்துவிட்டும் கத்தினார்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே 1976 அக்டோபர், நவம்பரில் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'தி டெட்லி அசாசின்' வந்தது. அதுவரை டைம் லார்டுகள் என்றால் தேவர்கள் மாதிரி, எங்கேயோ உயரத்தில் இருப்பவர்கள் என்று ரசிகர்கள் நினைத்திருந்தார்கள். ஹோம்ஸ் அவர்களை மூட்டுவலிக் கிழவர்களாக, நாற்காலிக்குச் சண்டை போடும் அரசியல்வாதிகளாகக் காட்டினார். அப்போதுதான் ஆரம்பித்திருந்த ரசிகர் சங்கத்தின் தலைவரே காலிஃப்ரேயைக் கெடுத்துவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளினார். இன்றைக்கு அந்தக் கதை தொடரின் தலைசிறந்தவற்றில் ஒன்று. ஒரு டைம் லார்டு பன்னிரண்டு தடவைதான் முகம் மாற்றலாம் என்ற புகழ்பெற்ற விதி வந்ததும் அதில்தான். பிற்பாடு அந்த விதியைக் கட்டிக்காக்க ரசிகர்கள் மல்லுக்கு நின்றார்கள். அப்பா திட்டியதை மகன் பூஜை செய்கிறான்.

அப்படியானால் 2020 எபிசோடு நல்ல எபிசோடா? இல்லை. படு சுமார். இங்கேதான் எனக்கு ரசிகர்கள் மேல் கோபம்.

கதாநாயகியை மாஸ்டர் ஒரு வலைக்குள் அசையமுடியாமல் மாட்டி நிறுத்துகிறான். பிறகு பேசுகிறான். பேசுகிறான். பேசிக்கொண்டே இருக்கிறான். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் வாழ்க்கையின் மிகப்பெரிய உண்மையை டாக்டர் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, ஊகிக்கவில்லை, அதற்காக எதையும் இழக்கவில்லை. எதிரி ஒருவன் ஸ்லைடு ஷோ போட்டுக் காட்டுகிறான். ஒரு குழந்தையைத் தாயே திரும்பத் திரும்பச் சாகடிக்கிறாள். எவ்வளவு பயங்கரமான விஷயம்! நமக்கு அது படங்களும் பின்னணிக் குரலுமாக வந்து போகிறது. கடைசியில் உலகத்தைக் காப்பாற்ற ஒரு குண்டை வெடிக்க வேண்டும், வெடிப்பவர் சாக வேண்டும். டாக்டர் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார். அப்போது ஓரமாக இருந்த ஒரு வயசான பாத்திரம் வந்து, கொடும்மா நான் பார்த்துக்கறேன் என்று வாங்கிக்கொள்கிறது. டாக்டர் ஓடிவிடுகிறார். முதல் பாதியில் கேட்பது வேலை, கடைசியில் ஓடுவது வேலை. நாடகம் எழுதும் கலையில் இது பாலபாடத் தவறு.

இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் 'சரித்திரம் போச்சு' என்ற கூச்சலில் காதில் விழவில்லை. கூடவே வேறொரு கூட்டம். 2017-ல் டாக்டராக ஒரு பெண் என்று அறிவித்த நாளிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு இந்த எபிசோடு வசதியான சாக்கு. நியாயமான ரசிகன் அந்த ஊர்வலத்தில் போய்க் கலந்துகொண்டான். எழுதியவருக்கு இதைவிட சௌகரியம் வேறென்ன வேண்டும்? 'இவர்களுக்கு மாற்றம் பிடிக்காது' என்று ஒரே வரியில் எல்லாரையும் ஒதுக்கிவிடலாம். ஸ்லைடு ஷோவுக்குப் பதில் சொல்லவே தேவையில்லை.

சரியாகத் திட்டுவது எப்படி என்பதற்கு இந்தத் தொடரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1986 டிசம்பர். 'தி ட்ரயல் ஆஃப் எ டைம் லார்டு' என்று 14 எபிசோடு நீளக் கதை அப்போதுதான் முடிந்திருந்தது. சுமாராகப் போன கதை. பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சிக்கு ரசிகர் சங்கத்துப் பையன்கள் சிலரைக் கூப்பிட்டார்கள். எதிரே, அதில் கடைசி எபிசோடுகளை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதி. பதினாறு வயசுப் பையன் ஒருவன் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னான்: எல்லாம் பார்த்துச் சலித்த சங்கதி, வராந்தாவில் இங்கும் அங்கும் ஓடுகிறார்கள், பூதங்கள் அசட்டுத்தனமாக இருக்கின்றன, எழுத்து சரியில்லை. சரித்திரம், கணக்கு, பிறவி எண்ணிக்கை என்று ஒரு வார்த்தை ஓட்டவில்லை. கதை எப்படிச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

பேக்கர் தம்பதி மேலும் பரிதாபப்படலாம். கடைசி எபிசோடை எழுத வேண்டிய ஹோம்ஸ் (அதே ராபர்ட் ஹோம்ஸ்தான்) அந்த மே மாதம் இறந்துபோனார். எழுதி முடித்துக் கொடுத்தவர் சண்டை போட்டுக்கொண்டு ஸ்கிரிப்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்பதைக்கூட காப்பிரைட் பயத்தில் இவர்களுக்குச் சொல்லவில்லை. சில நாளில் ஒரு முடிவு வேண்டும் என்றார்கள். எழுதினார்கள். அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அவன் சொன்னது சரிதான். சமையல்காரனுக்கு ஜுரம் என்பதால் சாம்பாருக்கு உப்பு வந்துவிடாது.

அந்தப் பையன் பெயர் கிறிஸ் சிப்னால். 2018-லிருந்து 2022 வரை தொடரின் தலைமை எழுத்தாளராக இருந்தவர். 2020 மார்ச் 1 எபிசோடை எழுதியவர்.

விதியின் விளையாட்டு என்று நான் பெருமூச்சு விடப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிப்னால் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை. அந்த அநாதைக் குழந்தைக் கதை தன் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்று பின்னால் பேட்டியில் சொன்னார். பிறப்பு தெரியாதவன் படும் பாட்டை, ஊரே தெரிந்துவைத்திருக்கும் ஒரு கதாநாயகனுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். இதை 'நாசவேலை' என்று சொன்னவர்கள் கொஞ்சம் வெட்கப்படலாம். ஆனால் அவருடைய சொந்த வலி என்பதற்காக ஸ்லைடு ஷோ நல்ல காட்சியாகிவிடாது. எதிரே 16 வயது சிப்னால் உட்கார்ந்திருந்தால், நல்ல விஷயத்தை ஏன் சார் இப்படி வீணடிச்சீங்க என்று கேட்டிருப்பான். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். 'ஹார்ட்னெல்தான் முதல்' என்பவனுக்குப் பதில் சொல்வது ரொம்ப சுலபம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்துப் பொறுப்பேற்ற ரஸ்ஸல் டி. டேவிஸ், ரசிகர்கள் கேட்ட மாதிரி அந்தக் கதையை அழிக்கவில்லை. 2023-லும் அதற்குப் பிறகும் எடுத்துப் பயன்படுத்தினார். புது டாக்டர் ஷூட்டி கட்வா, நானும் கண்டெடுத்து வளர்த்த பிள்ளைதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். வானம் இடிந்து விழவில்லை.

அப்புறம் 2025 மே 31, 'தி ரியாலிட்டி வார்'. மறுபடி சீசன் கடைசி, மறுபடி ஏமாற்றம். கட்வா இரண்டே சீசனில் விடைபெறுகிறார். முகம் மாறி, பழைய நாயகி பில்லி பைபர் தெரிகிறார். உடனே, அவர் டாக்டர்தானா, கணக்கில் பதினாறா, பழைய கதையோடு எப்படி ஒட்டும் என்று மறுபடி சரித்திரப் பஞ்சாயத்து. அந்த சீசன் முழுக்க வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று தவித்த பெலிண்டா என்ற நர்ஸை, உச்சக்கட்டச் சண்டை நடக்கும்போது கையில் குழந்தையோடு ஒரு பெட்டிக்குள் பத்திரமாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். சண்டை முடிந்ததும் வெளியே எடுத்தார்கள். அந்தப் பெண் ஏன் பெட்டிக்குள் இருந்தாள் என்ற கேள்வியும் வந்தது, மெல்லிய குரலில். பில்லி பைபர் சத்தத்தில் எத்தனை பேருக்குக் கேட்டதோ.